பழைய பிரெஞ்சு வெள்ளி: முத்திரையை எப்படிப் படிக்குறது, யார் செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்குறது

பிரெஞ்சு வெள்ளி கையில வந்ததும் முக்காவாசி பேரு பண்ற முதல் வேலை, திருப்பிப் பார்த்து 925ன்னு, அதாவது 1000 பங்குல 925 பங்கு சுத்த வெள்ளின்னு, எங்கயாவது இருக்கான்னு தேடுறது. இல்லன்னதும் "அட, இது வெள்ளியே இல்ல"ன்னு கீழ வச்சிடுறாங்க. பாரிஸ் பக்கத்துல ஞாயித்துக்கிழமை தெருச் சந்தைங்கள்ல இதை நான் கண்ணால பார்த்திருக்கேன், அவங்க வச்சிட்டுப் போனதை அடுத்த ஆள் எடுத்துட்டுப் போறதையும் பார்த்திருக்கேன். பழைய பிரெஞ்சு வெள்ளியில இப்படி மாத்தை நம்பரா போட மாட்டாங்க, படம்தான் போடுவாங்க. தலை, சேவல், நண்டு, பன்னி, அன்னம்னு ஒரு சின்ன மிருகக்காட்சி சாலையே இருக்கும். அதுவும் 2 மில்லிமீட்டர் சைஸுல, பாதி தேஞ்சுபோய்.

இதைப் பழக ஒரே ஒரு வழக்கம் போதும்னு நான் சொல்லுவேன். படத்தைப் பார்க்காதீங்க, முதல்ல அந்தப் படத்தைச் சுத்தி இருக்குற கட்டத்தோட வடிவத்தைப் பாருங்க. தேஞ்சுபோன முத்திரையில மூக்கு, மீசை, எழுத்தெல்லாம் போயிருக்கும், ஆனா ஓரம் மட்டும் நிக்கும், அந்த ஓரமே பாதிக் கதையைச் சொல்லிடும்.

சாமான் பெருசா ஒண்ணும் வேணாம். 10 மடங்கு பெருசாக் காட்டுற நகைக்கடை லூப் ஒண்ணு, போன் டார்ச், மெத்துனு ஒரு துணி. லூப்பை கண்ணுக்குப் பக்கத்துல ஒட்டி வச்சுட்டு கரண்டியைத்தான் கிட்ட கொண்டு வரணும், நிறைய பேரு தலைகீழா லூப்பைக் கரண்டி மேல வச்சுட்டு தள்ளி நின்னு பார்ப்பாங்க, ஒண்ணும் தெரியாது. டார்ச்சை நேர் மேல இருந்து அடிக்காதீங்க, வெள்ளி கண்ணாடி மாதிரி பளிச்சுனு அடிச்சு எல்லாத்தையும் மறைச்சிடும், பக்கவாட்டுல படுக்க வச்சு அடிங்க, பள்ளத்துல நிழல் விழுந்து படம் தானா எழுந்து நிக்கும். முத்திரை உள்ள கறுப்பு படிஞ்சிருந்தா பாலிஷ் போட்டு எடுத்துடாதீங்க, அந்தக் கறுப்புதான் நமக்கு மை மாதிரி.

எங்க தேடுறதுன்னு கேட்டா, கரண்டி, ஃபோர்க்குன்னா காம்போட பின்பக்கம். காபி பாட்டுன்னா அடிப்பக்கம் இல்லன்னா வாய் ஓரம், மூடியில தனியா ஒண்ணு இருக்கணும், கழட்டி மாட்டுற எந்தத் துண்டா இருந்தாலும் அதுக்குன்னு தனி முத்திரை எதிர்பாருங்க. கத்தின்னா கைப்பிடியும் அலகும் சேர்ற வளையத்துல ரொம்பக் குட்டியா இருக்கும்.

சரி, வடிவம். செஞ்ச ஆளோட முத்திரை ஒரு சாய்சதுரத்துக்குள்ள, அதாவது சீட்டுக்கட்டு டைமண்டு மாதிரி கட்டத்துக்குள்ள இருந்தா, அது திட வெள்ளி. அதுக்குள்ள அவரோட பேரு முதல் எழுத்துங்க, கூடவே ஒரு குட்டி அடையாளப் படம். இந்த டைமண்டு விதி பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிப்படி 6ஆம் ஆண்டு ப்ருமேர் மாசம் 19ல போட்ட சட்டத்துல வந்தது, நம்ம கணக்குல 1797 நவம்பர் 9. இன்னிக்கு வரைக்கும் அதே வழக்கம்தான். செஞ்ச கம்பெனியோட குறி டைமண்டுக்குப் பதிலா சதுரத்துலயோ செவ்வகத்துலயோ இருந்தா முலாம்னு வச்சுக்கிட்டு ஆரம்பிங்க, உள்ள எவ்வளவு அழகான எழுத்து இருந்தாலும் சரி, எவ்வளவு கனமா இருந்தாலும் சரி.

இதை நான் காசு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன். ஒரு சந்தையில பெட்டியோட 12 ஃபோர்க், 12 ஸ்பூன், பின்னாடி 84ன்னு தெளிவா அடிச்சிருந்துச்சு. எனக்கு அப்பத்தான் ரஷ்ய வெள்ளியில 84ன்னு போட்டா 875 மாத்துன்னு எங்கயோ படிச்ச அரைகுறை அறிவு வேற. விக்குறவரும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு. வீட்டுக்கு வந்து லூப் வச்சுப் பார்த்தா டைமண்டும் இல்ல, தலையும் இல்ல, சதுரம்தான் இருக்கு. பிரான்ஸ்ல 84ன்னா அந்த ஒரு டஜன் ஸ்பூன், ஒரு டஜன் ஃபோர்க் மொத்தத்துக்கும் சேர்த்து மேல பூசுன வெள்ளி 84 கிராம்னு அர்த்தம். மாத்து இல்லைங்க, முலாம் கணக்கு. இப்பவும் அதுலதான் சாப்பிடுறோம், நல்லாத்தான் இருக்கு, ஆனா வெள்ளி விலை குடுத்தது வலிக்குது.

முலாம் பொருள்ல அடிக்கடி கண்ணுல படுறது கிறிஸ்டோஃப்ள். 1830ல ஆரம்பிச்ச கம்பெனி, 1842ல மின்சாரத்துல முலாம் பூசுற பேடன்ட் உரிமையை வாங்குனதுக்கு அப்புறம் பிரான்ஸ் முழுக்க சாப்பாட்டு மேசைக்குப் போனாங்க. பழசுல தராசுப் படம் இருக்கும், 1935க்கு மேல ஓ, சி எழுத்தோட செஸ் ஆட்டத்துக் குதிரை. எர்குயிங்குற இன்னொரு கம்பெனின்னா பாதி மனுஷன் பாதி குதிரை. மட்டம்னு நான் சொல்லல, கிறிஸ்டோஃப்ள் முலாமுக்கு நல்ல மார்க்கெட் இருக்கு, திட வெள்ளியும் செஞ்சிருக்காங்க, ஆனா ரெண்டுக்கும் விலை வேற வேற, கட்டத்தைப் பார்த்தா குழப்பமே இல்ல.

டைமண்டு கெடச்சாச்சு. இப்ப அதுக்குத் துணையா அரசாங்க முத்திரை இருக்கணும். நீங்க பார்க்கப்போறதுல பெரும்பாலும் இருக்குறது மினர்வா தலைதான், தலைக்கவசம் போட்ட ரோமானிய தேவதை, வலது பக்கம் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. 1838 மே 10ல இருந்து இது ஓடுது. லூப்புல பார்த்தா கவசம்னு சட்டுனு தெரியாது, கொண்டை போட்ட அம்மா மாதிரி இருக்கும், அதனால பழகாதவங்க ஏதோ ராணி தலைன்னு நினைச்சுக்குவாங்க. நெத்திக்கு முன்னாடி 1ன்னு இருந்தா முதல் தரம், 950 மாத்து, சுத்தி எட்டு மூலை கட்டம். தாடைக்குக் கீழ 2ன்னு இருந்தா ரெண்டாம் தரம், 800, கட்டமும் வேற மாதிரி. நம்பர் தேஞ்சிருந்தா அது எந்த இடத்துல இருந்த தடம்னு பாருங்க, நெத்தியா தாடையான்னு தெரிஞ்சாலே போதும். 1973ல இருந்து 925ம் முதல் தரத்துக்குள்ள வந்துடுச்சு, ஆனா அது ஆன்டிக் ஆளுங்களுக்குத் தேவையில்லாத கதை.

950ன்னா இங்கிலாந்து ஸ்டெர்லிங்கை, அதாவது 925ஐ விட கூட. 80 கிராம் ஃபோர்க்குல 76 கிராம் சுத்த வெள்ளி. அதே ஃபோர்க் ரெண்டாம் தரமா இருந்தா 64 தான். ஒரு டஜன் வாங்கும்போது இந்த வித்தியாசம் 144 கிராமுக்குப் போயிடும், அதனால தலையைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க, நம்பரைப் பாருங்க.

இங்க ஒரு ரகசியம் மாதிரி ஒரு விஷயம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. முத்திரை அடிக்கும்போது பொருளை ஒரு சின்னப் பட்டறைக்கல் மேல வச்சு மேல இருந்து சுத்தியல் அடிப்பாங்க இல்ல, அந்தக் கல்லு சாதாரணக் கல்லு இல்ல, அதோட மேல்பரப்புல குட்டி குட்டிப் பூச்சிங்க செதுக்கியிருப்பாங்க. மேல மினர்வா விழும்போது பின்பக்கம் அதே இடத்துல பூச்சி பதியும். பிகோர்ன்னு இதைச் சொல்லுவாங்க. 19ஆம் நூற்றாண்டுல கள்ள முத்திரைக்காரங்களைப் பிடிக்கக் கொண்டு வந்த ஏற்பாடு, மேல் முத்திரையைக் காப்பி அடிச்சாலும் கீழ இருக்குற பூச்சியையும் சேர்த்து எவன் செதுக்குறது. ஃபோர்க்கு காம்புல முத்திரைக்கு நேர் பின்னாடி லூப்பு வச்சுப் பாருங்க, கால், இறக்கை மாதிரி கோடு தெரிஞ்சா நிம்மதியா காசை எடுக்கலாம். ரொம்பப் பாலிஷ் போட்டதுல அழிஞ்சிருக்கும், அதனால இல்லன்னா கள்ளம்னு முடிவு கட்டாதீங்க.

சின்னப் பொருளுக்கு மினர்வா தலை பெருசு, அடிச்சா பொருளே நசுங்கிடும். அதுக்குத்தான் பாரிஸ்ல காட்டுப்பன்னி தலை, வெளி மாவட்டத்துல நண்டு. ரெண்டும் 1838ல வந்தது, பன்னி 1962 வாக்குல நின்னுபோச்சு, அதுக்கப்புறம் நண்டுதான் எல்லா இடத்துக்கும். இந்த ரெண்டுமே குறைஞ்சது 800னு மட்டும்தான் சொல்லும், 950ஆ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நண்டை நான் முதல் ஆறு மாசம் "ஏதோ கீறல்"னு நினைச்சுத் தள்ளிட்டிருந்தேன், எத்தனை விட்டேனோ தெரியல. டீ ஸ்பூன், சர்க்கரை இடுக்கி, விரல் கவசம், உப்புக் கரண்டி இதுலெல்லாம் கீறல்னு தோணுறதை ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்த்துடுங்க.

மத்த மிருகங்களைச் சட்டுனு சொல்லிடுறேன். அன்னம் இருந்தா 1893க்கு அப்புறம், எங்க செஞ்சதுன்னு உறுதியாத் தெரியாத பொருளோ வெளிநாட்டுப் பொருளோ பிரான்ஸ்ல விக்கப்பட்டிருக்குன்னு அர்த்தம், அதனால அன்னத்தை மட்டும் பார்த்துட்டு "பிரெஞ்சு வேலை"ன்னு சொல்லாதீங்க, ஜெர்மன் பால் ஜாடியிலயும் இருக்கும், 250 வருஷத்துப் பழைய பிரெஞ்சுக் கிண்ணம் ஏலத்துக்கு வந்தப்ப அடிச்சதாவும் இருக்கும். மூக்கு நீண்ட கூன்வண்டு இருந்தா இறக்குமதி. மெர்குரி தலை, அதாவது இறக்கை வச்ச தொப்பிக்காரர் இருந்தா ஏற்றுமதிக்குன்னு செஞ்சது. மினர்வாவையும் மெர்குரியையும் நிறைய பேரு குழப்பிக்குவாங்க, தொப்பியில இறக்கை இருக்கான்னு மட்டும் பாருங்க.

1838க்கு முன்னாடி போனா முத்திரை எண்ணிக்கை கூடும். அதுவரைக்கும் மாத்துக்கு ஒண்ணு, அரசாங்க உத்தரவாதத்துக்கு ஒண்ணு, செஞ்சவருக்கு ஒண்ணுன்னு மூணு அடிச்சிட்டிருந்தாங்க, மினர்வா வந்ததும் முதல் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. அதனால டைமண்டோட இன்னும் ரெண்டு முத்திரை சிதறி இருந்தா மனசுக்குள்ள ஒரு மணி அடிக்கணும், இது 1798 - 1838 காலமா இருக்கலாம்னு. அதுல சேவல் இருந்தா 1798ல இருந்து 1819க்குள்ள. சேவல்லயே ரெண்டு, 1809ல மாத்துனாங்க, நிக்குற தோரணை வேற, படத்தோட ஒப்பிட்டுத்தான் பிரிக்கணும். நெப்போலியன் காலத்து வெள்ளின்னு சொல்லி விக்குறதுல சேவல் இல்லன்னா ஏன் இல்லன்னு கேளுங்க. 1819ல இருந்து 1838 வரைக்கும் பாரிஸ்ல ஒரு கிழவர் தலை. ஏலக் கேட்டலாக்குல "வியேயார்"னு எழுதியிருந்தா அது இவருதான்.

ஒரே பொருள்ல ரெண்டு காலத்து முத்திரை இருந்தா பயப்படாதீங்க. அரசாங்கம் முத்திரை மாத்துறப்பெல்லாம் கடையில கிடக்குற பழைய சரக்கைக் கொண்டு வாங்க, புதுசா ஒண்ணு அடிச்சுத் தர்றோம்னு கூப்பிடுவாங்க, அதுக்கு ரெசான்ஸ்னு பேரு. அப்படி வந்த பொருள்ல கிழவரும் இருப்பாரு, 1838ல அடிச்ச சின்னக் குறியும் இருக்கும். எது பழசோ அதுதான் செஞ்ச வருஷம், புதுசு வெறும் விசா ஸ்டாம்ப்.

இப்ப நிஜமான விருந்துக்கு வரலாம். 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தின வெள்ளி. கஷ்டம்தான், ஆனா ஒருமுறை புரிஞ்சுட்டா இதுதான் ரொம்ப நேர்மையா பேசும். முதல்ல ஏன் அபூர்வம்னா, ராஜாக்களே உருக்கிட்டாங்க. யுத்தச் செலவுக்குன்னு 14ஆம் லூயி 1689லயும் 1709லயும் வெள்ளியைக் கேட்டு வாங்கி நாணயம் அடிச்சாரு, 15ஆம் லூயி 1759ல அதே வேலையைப் பண்ணாரு. அதனால 17ஆம் நூற்றாண்டுப் பொருள்னு யாராவது சாதாரணமா எடுத்து நீட்டுனா கொஞ்சம் சந்தேகத்தோடயே வாங்கிப் பாருங்க.

அப்ப ஒரு பொருளுக்கு நாலு முத்திரை. ஒண்ணு பொருளைச் செஞ்ச பட்டறை மாஸ்டரோடது. பாரிஸ்ல மாஸ்டர் எண்ணிக்கையே 300ன்னு வரம்பு, ஒவ்வொருத்தரும் தன் முத்திரையை செம்புத் தகட்டுல குத்திப் பதிவு பண்ணணும். அவரோட முத்திரையில மேல கிரீடம், அதுக்குக் கீழ லில்லிப் பூ, ரெண்டு குட்டிப் புள்ளி, பேரு எழுத்துங்க, ஒரு தனி அடையாளம். டைமண்டு கட்டம் கிடையாது, அதனால டைமண்டுக்குள்ள லில்லிப் பூ இருக்குறதைக் காட்டி புரட்சிக்கு முந்தினதுன்னு சொன்னா சிரிச்சுட்டு வச்சிடுங்க. அந்த ரெண்டு புள்ளி சும்மா அலங்காரம் இல்ல. அன்னிக்கு சுத்த வெள்ளின்னா 12 டெனியே, ஒரு டெனியேக்கு 24 க்ரேன். பாரிஸ் சட்டம் கேட்டது 11 டெனியே 12 க்ரேன், கணக்குப் போட்டா 958. அதுல ரெண்டு க்ரேன் வரைக்கும் குறைஞ்சா மன்னிப்பாங்க, அதாவது 951 வரைக்கும். அந்த மன்னிப்புதான் அந்த ரெண்டு புள்ளி. நம்மூர் பத்தர் சேதாரம் சொல்றப்ப இப்படி முத்திரையிலயே எழுதி வச்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

ரெண்டாவது, வரி குத்தகைக்காரரோட, அதாவது ராஜாவுக்காக வரி வசூலிக்குற உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவரோட சார்ஜ் முத்திரை. பொருள் அரைகுறையா இருக்கும்போதே, இதுக்கு வரி கட்டணும்னு அடிக்கிறது. பெரிய எழுத்து, ஊரைச் சொல்லும். ஏ ன்னா பாரிஸ், பி ரூவான், டி லியோன், கே போர்தோ, எம் துலூஸ், பிபி ஸ்ட்ராஸ்பர்க், நாணயத்துல போடுற அதே ஊர் எழுத்துதான். மூணாவது, வெள்ளி வேலைக்காரங்க சங்கத்தோட முத்திரை, கிரீடம் வச்ச எழுத்து, மாத்தைச் சோதிச்சாச்சுன்னு சொல்றது, பாரிஸ்ல வருஷத்துக்கு ஒரு எழுத்தா மாறும். நாலாவது டிஸ்சார்ஜ், வரி கட்டியாச்சு, வெளிய போகலாம்னு அடிக்கிற குட்டிப் படம், ஏதாவது தலை, பூ, பறவை.

எல்லாரும் விழுற குழி இந்த ரெண்டு பெரிய எழுத்துதான். ஏ எழுத்தைப் பார்த்துட்டு வருஷ அட்டவணையில ஏ எந்த வருஷம்னு தேடுவாங்க, அது வருஷமே இல்ல, ஊரு. எது எதுன்னு எப்படிப் பிரிக்கிறதுன்னா, சார்ஜ் எழுத்து குத்தகைக்காரர் மாறினா டிசைன் மாறும், அதுல அலங்காரம் அதிகமா இருக்கும், வருஷ எழுத்து கொஞ்சம் எளிமையா கிரீடத்தோட நிக்கும். வருஷ எழுத்து 20 சொச்சம் வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், அதனால தனியா அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, குத்தகைக்காரரோட சேர்த்துத்தான் பூட்டணும். பாரிஸ்ல 1756 - 1762 எலுவா ப்ரிஷார், அடுத்து 1768 வரைக்கும் ழான் ழாக் ப்ரேவோ, 1774 வரைக்கும் ழூலியன் அலாதேர், 1780 வரைக்கும் ழான் பாப்திஸ்த் ஃபூவாஷ், அப்புறம் 1789 வரைக்கும் ஆன்ரி க்ளாவேல். ஒவ்வொருத்தரோட சார்ஜும் டிஸ்சார்ஜும் வேற. குத்தகைக்காரர் பெரும்பாலும் ஆறு வருஷத்தைக் குடுப்பாரு, வருஷ எழுத்து அந்த ஆறுல ஒண்ணைப் பிடிச்சுக் குடுக்கும், மாஸ்டர் அந்த வருஷம் உயிரோட தொழில் பண்ணிட்டிருந்தாரான்னு பார்த்தா மூணாவது பூட்டு. மூணுல ஒண்ணு பொருந்தலன்னா எங்கயோ தப்பு, பெரும்பாலும் நம்ம படிச்சதுலதான் தப்பு, ஆனா சில சமயம் பொருள்லயே தப்பு.

இன்னொரு நுணுக்கம், கடைக்காரங்க சொல்ல மாட்டாங்க. முதல் மூணு முத்திரையும் பொருள் முடியறதுக்கு முன்னாடி அடிக்கிறது, அதுக்கப்புறம் சுத்தியல் அடி, வளைப்பு, தேய்ப்பு எல்லாம் வாங்கியிருக்கும். அதனால உண்மையான பொருள்ல அது கொஞ்சம் இழுபட்டு, நசுங்கி இருக்கும், கடைசியா அடிச்ச டிஸ்சார்ஜ் மட்டும் தெளிவா இருக்கும். நாலுமே ஒரே மாதிரி கூர்மையா, வரிசையா, அழகா நின்னா எனக்கு வயித்தைக் கலக்கும்.

இதெல்லாம் பாரிஸ் கணக்கு. வெளியூர்ல மாஸ்டர் முத்திரையில லில்லிக்குப் பதிலா ஊர்ச் சின்னம் வரலாம், மாத்தும் மாறலாம். ஸ்ட்ராஸ்பர்க்ல ஜெர்மன் கணக்கு, 16ல 13 பங்கு வெள்ளி, அதாவது 812 சொச்சம், முத்திரையிலயே 13ன்னு இருக்கும். அதைப் பார்த்துட்டு 13ஆம் லூயி காலம்னு ஒருத்தர் எங்கிட்ட சத்தியம் பண்ணாரு.

1791ல சங்கங்களை ஒழிச்சதுல இருந்து 1797 சட்டம் வரைக்கும் கிட்டத்தட்ட யாரும் கட்டுப்படுத்தாத காலம், அப்ப செஞ்சதுல முத்திரை ஒழுங்கா இருக்காது, அதை நிபுணர் கிட்ட விட்டுடுங்க.

இனி யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்குறது. டைமண்டுக்குள்ள முதல்ல படத்தைப் பிடிங்க, எழுத்து அப்புறம். ஜே, பி, சின்னு எழுத்து ஆயிரம் பேருக்கு ஒத்துப்போகும், ஆனா எண்ணெய் விளக்குன்னு சொன்னதும் ஆளு சுருங்கிடும். பேப்பர்ல டைமண்டை வரைஞ்சுக்கோங்க, நின்ன வாக்குலயா படுத்த வாக்குலயா, எழுத்து எந்தப் பக்கம், படம் மேலயா கீழயா நடுவுலயா, புள்ளி, நட்சத்திரம் இருக்கான்னு. அடையாளம் புரியலன்னா "தெரியல, வட்டமா ஏதோ"ன்னே எழுதுங்க. ஊகிச்சு எழுதிட்டா அப்புறம் அந்த ஊகத்தைத்தான் தேடிக்கிட்டு இருப்பீங்க, நான் தேனீன்னு நினைச்ச ஒண்ணு கடைசியில நங்கூரமா முடிஞ்சுது. எழுத்துக்கு முன்னாடி குட்டியா வி, வி, ஈ ன்னு இருந்தா விதவைன்னு அர்த்தம், புருஷன் போனதுக்கப்புறம் பட்டறையை நடத்துன அம்மா. பாரிஸ் மேக்கருங்களுக்கு படம் வாரியா, எழுத்து வாரியா அடுக்கின அகராதிங்க இருக்கு, பெரிய லைப்ரரியில உக்காந்து பார்க்கலாம், முத்திரை எந்த வருஷம் பதிவாச்சு, எந்த வருஷம் ரத்தாச்சுன்னு அதுல வரும், அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள உங்க பொருள் அடங்கணும்.

சில பேரு முகம் மாதிரி ஞாபகம் வச்சுக்கலாம். மேல சொன்ன விளக்குக்காரர் ழான் பாப்திஸ்த் க்ளோத் ஓதியோ, 1763ல பிறந்து 1850ல போனவரு, ஜே பி சி ஓன்னு எழுத்து, மகன் காலத்துல எழுத்து மாறுச்சு, விளக்கு மாறல. குரங்குப் படமும் பி எழுத்தும்னா மார்த்தன் கியோம் பியென்னே, நெப்போலியன் 1804ல முடிசூடினப்ப வச்ச தங்க லாரல் கிரீடம் இவரு பட்டறையில செஞ்சது, அவரு கடைப் பலகையே "ஊதாக் குரங்கு"தான், அந்தக் குரங்குதான் முத்திரைக்குள்ள ஏறி உக்காந்துச்சு. ஈ, பி எழுத்துக்கு நடுவுல சின்னக் கத்தி இருந்தா ப்யூய்ஃபோர்கா, 1820ல இருந்து இருக்குற கம்பெனி, ஆர்ட் டெக்கோ பாணி ஓடுன 1920, 30கள்ல ழான் ப்யூய்ஃபோர்கா செஞ்சதுங்க கோடும் வட்டமுமா வேற உலகம். புரட்சிக்கு முன்னாடின்னா தோமா ஜெர்மேனும் அவரு மகன் ஃப்ரான்ஸ்வா தோமா ஜெர்மேனும், அடையாளம் ஆட்டுத்தோல். மகன் 1765ல திவாலாயிட்டாரு, ஆனா 1755 நிலநடுக்கத்துல எல்லாத்தையும் இழந்த போர்ச்சுகல் ராஜாவுக்கு செஞ்ச சாப்பாட்டு செட் இன்னும் லிஸ்பன் மியூசியத்துல நிக்குது. ழாக் ரொட்டியே கோதுமைக் கட்டு, ரோபேர் ழோசெஃப் ஒகுஸ்த் பனையோலை. இவங்க பொருள் நம்ம சந்தையில கிடைக்காது, கிடைச்சா எங்கிட்ட சொல்லாதீங்க, பொறாமை வரும். கண்ணைப் பழக்கணும்னா பாரிஸ்ல நிசீம் த கமோந்தோ மியூசியம் போங்க, ரஷ்ய ராணி ரெண்டாம் காத்தரீன் ஆர்டர் பண்ண ஓர்லோஃப்ங்குற வெள்ளிச் சாப்பாட்டு செட்டுல கொஞ்சம் அங்க இருக்கு.

முழுப் பேரும் ஊரும் எழுதி அடிச்சிருந்தா உடனே அவருதான் செஞ்சவருன்னு நம்பாதீங்க, அது விக்குற கடையோட பேரா இருக்கலாம். டைமண்டுல இருக்குறவருதான் பட்டறைக்காரர். ரெண்டும் ஒத்துப்போனா சந்தோஷம், ஒத்துப்போகலன்னா கடை இவரு, கை அவரு.

கள்ளத்தைப் பத்திச் சொல்லாம முடிச்சா நல்லா இருக்காது. 19ஆம் நூற்றாண்டு கடைசியில ஜெர்மனியில ஹானாவுன்னு ஒரு ஊர்ல பழைய பாணி வெள்ளியை மூட்டை மூட்டையா செஞ்சாங்க, மேல கிரீடம், லில்லி, எழுத்துன்னு பழைய பிரெஞ்சு மாதிரியே போலி முத்திரை. வெள்ளி நல்ல வெள்ளிதான், வயசுதான் பொய். நாலு முத்திரை இருக்கு ஆனா எந்தக் குத்தகைக்காரரோடயும் ஒட்டலன்னா இங்க சந்தேகப்படுங்க. அடுத்தது ஒட்டு வேலை, உடைஞ்ச சின்னப் பழைய கரண்டியில இருந்து முத்திரைப் பகுதியை வெட்டி எடுத்து பெரிய பாத்திரத்து அடியில பத்த வைக்குறது. அதுக்கு வாயால ஹ்ஹா-ன்னு ஊதுங்க, ஆவி படிஞ்சு மறையறப்ப பத்த வச்ச கோடு ஒரு நொடி தெரியும். பழைய குடும்பச் சின்னத்தை வழிச்சு எடுத்த இடமும் இதே மாதிரி பிடிபடும், விரலால அழுத்துனா அங்க தகடு மெலிசா இருக்கும். காந்தம் ஒட்டலன்னா வெள்ளின்னு சந்தையில ஒரு சாஸ்திரம் ஓடுது, பித்தளையிலயும் ஒட்டாது, முலாமுக்கு அடியில இருக்குற வெள்ளைக் கலவையிலயும் ஒட்டாது, அதனால ஒட்டுனா வேணாம்னு சொல்லலாம், ஒட்டலன்னா ஒண்ணும் சொல்ல முடியாது.

எடைக்கு விலை பேசுனா கத்தியைத் தனியா எடுத்து வச்சுடுங்க. கைப்பிடி மெல்லிய வெள்ளித் தகடு, உள்ள பிசின், அலகு இரும்பு. தராசுல ஏத்துனா பிசினுக்கும் இரும்புக்கும் சேர்த்து வெள்ளி விலை குடுப்பீங்க, அந்தக் குட்டி வளையத்துல இருக்குற நண்டு உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கும்.